வலைக்கு விதி வகுப்பவர் யார்?

தொலைவில் உள்ளார்க்குச் செய்தி விடுக்கப் பாதை வேண்டும். அப்பாதையிலே புதியதொரு வசதியைப் புகுத்தும் உரிமை யாருக்கு உண்டு? கணிப்பொறி வலையமைப்பின் வரலாறு பெரிதும் இவ்வினாவின் வரலாறே எனலாம்.

1969 அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு, ஆர்ப்பாநெட் என்னும் வலையின் முதற்செய்தி சென்றது. செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பகுத்து அனுப்புதல் அதன் முறை. 1983 ஜனவரி முதல் நாளில் அவ்வலை டி.சி.பி./ஐ.பி. என்னும் விதிகளை ஏற்றது. ரௌட்டர் எனப்படும் வழிகாட்டிப் பொறிகள் முகவரியைப் பார்த்துப் பொட்டலத்தை முன்னே தள்ளினால் போதும்; நுட்பமான வேலைகளை இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளே செய்துகொள்ளும் என்பது அவற்றின் உட்கருத்து.

இதனால் விளைந்த நன்மை பெரிது. 1989-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வையவிரிவு வலைக்குத் திட்டம் வரைந்தார். அதனை நடைமுறைக்குக் கொணர நடுவழிப் பொறி ஒன்றையும் மாற்ற நேரவில்லை.

நடுவழியையே மாற்ற வேண்டிய வசதிகளின் நிலை வேறு. பழைய முறையில் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. ஆதலின் ஐ.பி. விதியின் ஆறாம் பதிப்பு 1995-இல் வகுக்கப்பட்டது. 2011-இல் உலகப் பொதுக் கையிருப்பில் பழைய முகவரிகள் தீர்ந்தன; எனினும் பழைய பதிப்பு இன்றும் ஓய்வு பெறவில்லை. வழிநெடுகிலும் உள்ள பொறிகளும் அவற்றை உடையவர்களும் மாறினாலன்றோ மாற்றம் முழுமை பெறும்! பொறியின் விதிகளோ, செய்தவர் பூட்டியபடியே கிடந்தன. வாங்கியவரிடம் திறவுகோல் இல்லை.

பூட்டைத் திறக்க முயன்றோர் பலர். 1996-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டென்னன்ஹவுஸ், வெதரால் இருவரும், பொட்டலத்தோடு சிறு நிரலையும் அனுப்பி, வழியிலுள்ள பொறிகளே அதனை இயக்கும் முறையை முன்வைத்தனர். அயலார் நிரலை நம்பி இயக்குவது எங்ஙனம், வேகம் குன்றாதா என்னும் ஐயங்களால் அஃது ஆராய்ச்சிக் கூடத்தைக் கடந்து பரவவில்லை.

2008-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து நிக் மெக்கியோனும் பிறரும் ‘ஓப்பன்ஃப்ளோ’ முறையை வெளியிட்டனர். ரயில்வே அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். எவ்வண்டியை முன்னே விடுவது, எதனை நிறுத்துவது என்பதைக் கன்ட்ரோல் ஆபீஸ் முடிவு செய்கிறது, நிலையத்தார் நிறைவேற்றுகின்றனர். அவ்வாறே தனியிடத்து நிரல் ஆணையிடும், பொறிகள் செயலாற்றும். புதிய வசதி வேண்டின் அந்நிரலைத் திருத்தினால் போதும். உலகெங்கும் உள்ள தன் தகவல் மையங்களை இம்முறையில் இணைத்த வரலாற்றைக் கூகிள் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது.

ஆனால் வழியைத் திறக்கவல்ல கை அதனை அடைக்கவும் வல்லது; ஒருவர் பொட்டலத்தை முந்தவிட்டு மற்றவர் பொட்டலத்தைக் காக்க வைக்கவும் வல்லது. 2016 பிப்ரவரியில் நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உள்ளடக்கத்துக்கேற்ப வெவ்வேறு கட்டணம் விதிப்பதைத் தடுத்தது இவ்வகை அச்சத்தால் அன்றோ?

ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைத் திரையில் கண்டு பேசும் நமக்கும் இதில் பங்குண்டு. விதியை எழுதுவது பொறியாளர் தொழில்; அவ்விதி எல்லார்க்கும் ஒன்றாக அமைகிறதா என்று கேட்பது குடிமக்கள் கடமை.