கிருமியைக் கொல்லாத மருந்து

பயிர் நோயியல் வகுப்பில் நான் போர்டோ கலவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 1885-ல் பிரான்சின் மில்லார்டே திராட்சைக்குச் சொன்ன மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் அத்தனை பெரிய சங்கதியா என்று கேட்பார்கள். பெரிய சங்கதிதான். அதன்பின் நூறு ஆண்டுக் காலம், எந்தப் பயிரில் புள்ளி விழுந்தாலும் கை முதலில் தாமிரத்தைத்தான் தேடியது. அந்தத் தாமிரம் தோற்ற இடம் அமெரிக்காவின் புளோரிடா.

அங்கே வெயிலும் மழையும் காற்றும் சேர்ந்துவரும் நாட்களில் தக்காளியைச் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா பிடிக்கும். இலையில் முதலில் குண்டூசித் தலையளவு ஈரப்புள்ளி தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பசையாக மினுங்கும். இரண்டொரு நாளில் அது கறுத்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து, இலை மஞ்சளாகி உதிரும். காயில் விரலை ஓட்டினால் சொறி தட்டுப்படும். அந்தக் காயைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள்.

காசநோய்க்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசினை 1950-களில் இதற்கும் அடித்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே அதற்கு மசியாத பாக்டீரியா கிளம்பிவிட்டது. மறுபடி தாமிரம். 1983-ல் மார்கோ, ஸ்டால் என்ற இருவர், குடைமிளகாய்ச் செடியில் தாமிரத்துக்கும் அடங்காத பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். தாமிரத்தோடு மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து அடித்தால் ஓரளவு கேட்டது. அந்த ஓரளவை நம்பித்தான் விவசாயி காலத்தை ஓட்டினார்.

இதற்கு விடை தக்காளி வயலில் பிறக்கவில்லை; புகையிலை இலையில் பிறந்தது. 1961-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராஸ் என்பவர் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து மேல் இலைகளில் அதையே தடவினால், புள்ளிகள் சிறுத்தும் குறைந்தும் வந்தன. கீழே அடிபட்ட இலை, தண்டோரா போட்டதுபோல, மேலே இருக்கும் இலைகளை உஷார்ப்படுத்தியிருந்தது. என் வகுப்பில் கரும்பலகையை நிறைத்த சோதனை இது ஒன்றுதான்.

1979-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினை ஊசியால் ஏற்றினார். தலைவலி மாத்திரையால் வைரஸ் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன! ஏன் என்பதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்பிரினின் தாய்ப்பொருளான சாலிசிலிக் அமிலத்தை, நோய் தாக்கும்போது செடி தானே சுரக்கிறது என்று புகையிலையிலும் வெள்ளரியிலும் செய்த ஆய்வுகள் அந்த ஆண்டு சொல்லின.

அப்படியானால் அந்த அமிலத்தையே வயலில் தெளித்தால் என்ன? கொஞ்சம் கூடினாலும் இலை கருகும். அதே வேலையைச் செய்து பயிரைச் சுடாத ஒரு பொருளைச் சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தார் தேடினார்கள். முதலில் கிடைத்த பொருளும் பயிரைச் சுட்டது. அடுத்து வந்ததுதான் அசிபென்சோலார்-எஸ்-மெத்தில். 1996-ல் ஐரோப்பாவில் கோதுமைச் சாம்பல் நோய்க்கு விற்பனைக்கு வந்தது. (இந்த வரலாற்றைச் சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறவர்கள் ஜப்பானை மறந்துவிடுகிறார்கள். நெல் குலைநோய்க்கு அங்கே 1970-களிலேயே புரோபெனசோல் இட்டுவந்தார்கள். அதுவும் செடியை உசுப்பிவிடும் மருந்துதான்.)

அசிபென்சோலாரைத் தக்காளியில் பார்த்த பெரிய சோதனை புளோரிடா, அலபாமா, வட கரோலினா, ஒஹாயோ, கனடாவின் ஒன்டாரியோ ஆகிய இடங்களில் 4 ஆண்டுகள் நடந்தது. முடிவுகள் 2001-ல் வெளியாயின. மருந்தின் அளவு ஹெக்டேருக்கு 35 கிராம். சாந்தோமோனாஸ் உண்டாக்கும் இலைப்புள்ளி நோய்க்கு வைத்த 15 சோதனைகளில் 14-லும், சூடோமோனாஸ் உண்டாக்கும் கரும்பொட்டு நோய்க்கு வைத்த 7 சோதனைகளில் ஏழிலும் நோய் குறைந்தது. தாமிரத்துக்குச் சமம், சில இடங்களில் அதைவிட மேல்.

எனக்குப் பிடித்த தகவல் வேறு. வயலில் இலைமேல் இருந்த பாக்டீரியாவின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவே இல்லை! கிருமி அங்கேயே இருக்கிறது. செடிதான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “அப்போ இது மருந்தா, உரமா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி.

இலவசமாக எதுவும் நடக்கவில்லை. மருந்து பட்ட நாற்றுகளின் உலர் எடை குறைந்தது. எதிர்ப்புக்குச் செலவழித்த தெம்பை வளர்ச்சியில் பிடித்துக்கொண்டது செடி. வயலில் மகசூல் குறையவில்லை, கூடவும் இல்லை. மகசூல் கூடும் என்று சொல்லி இதை விற்பவரை நம்ப வேண்டாம்.

2012-ல் வெளியான புளோரிடா ஆய்வு ஒன்று, குறைந்த அளவில் வாரந்தோறும் அடிப்பதே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பதைவிட மேல் என்றது. அதையும் நோய் வருமுன் தொடங்க வேண்டும். புள்ளியைப் பார்த்த பிறகு கடைக்கு ஓடுகிறவருக்கு இந்த மருந்து உதவாது.