பளையைச் சூழ்ந்த பரவைக்கடலும் நடந்து மீன்பிடித்த தொழிலும்

கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவில் அமைந்த பளை, நிர்வாக எல்லையால் வன்னியோடு இணைக்கப்பட்டிருப்பினும் நில அமைப்பால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒடுங்கிய கழுத்துப் பகுதியைச் சேர்ந்தது. தென்னந்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்கு வடகிழக்கே தாளையடி, செம்பியன்பற்று முதலிய கரையூர்களை ஒட்டிப் பெருங்கடலும், மேற்கே கிளாலியை ஒட்டி யாழ்ப்பாணக் கடல்நீரேரியும், தென்கிழக்கே ஆனையிறவு தொடங்கிச் சுண்டிக்குளம் வரை நீளும் மற்றொரு நீரேரியும் உள்ளன. ஆழமற்ற இவ்விரு நீரேரிகளையும் பரவைக்கடல் என வழங்குவது மரபு. இப்பகுதியின் மீன்பிடி வரலாறு பெருங்கடலை முன்வைத்தே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆனால் முதலற்ற குடும்பங்களுக்குச் சோறு போட்டது பரவைக்கடலே.

பெருங்கடற் கரையில் நடந்த கரைவலைத் தொழில், நீண்ட வலையைத் தோணியிற் கொண்டுசென்று கடலில் வளைத்து இறக்கி, அதன் இரு முனைகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பதாகும். வலையும் தோணியும் சம்மாட்டி எனப்படும் உரிமையாளருக்கே உரியவை. இழுக்கும் தொழிலாளர் பருவகாலத்தில் வாடி எனப்படும் தற்காலிகக் குடில்களில் தங்கி, செலவு கழித்து எஞ்சியதில் தமக்குரிய பங்கைப் பெற்றனர். வாடைக்காற்று மூண்டு அலை உயர்ந்துவிட்டால் தோணி இறங்காது, பங்கும் கிடையாது. பரவைக்கடலில் இறங்குவதற்கோ சம்மாட்டியும் வேண்டியதில்லை, பல இடங்களில் தோணியும் வேண்டியதில்லை. இடுப்பளவு நீரில் நடந்து செல்லும் ஒருவர் தம் கையாற் பின்னிய வலை ஒன்றைக் கொண்டே அன்றைய கறிக்கும் சிறு விற்பனைக்கும் வேண்டியதைப் பிடித்துவிட முடிந்தது.

அவ்வாறு பயன்பட்ட கருவிகளுள் முதன்மையானது வீச்சுவலை. கூம்பு வடிவில் பின்னி, விளிம்பில் ஈயக்குண்டுகள் கோத்து, உச்சியிற் கட்டிய கயிற்றை மணிக்கட்டிற் சுற்றிக்கொண்டு வீசப்படும் இவ்வலை, வட்டமாக விரிந்து நீரில் விழுந்து மீனை மூடிக்கொள்ளும். சேற்றுநிலத்தில் அடியும் மேலும் திறந்த கூடையாகிய கரப்பை நீரிற் குத்தி, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். அத்தாங்கு எனப்படும் கைப்பிடி கொண்ட கோரு வலை இறாலுக்கு உதவியது. பிடித்தவற்றை இடுப்பிற் கட்டிய பறி என்னும் கூடையில் இடுவர். நைலோன் நூல் பரவுவதற்கு முன் பருத்தி நூல் வலைகள் நீரில் விரைவில் உளுத்துப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்தப்பட்டன; காடு கொடுத்த காயும் வீட்டார் உழைப்பும் சேர்ந்து வலையின் ஆயுளை நீட்டின.

இவற்றிலும் நுட்பம் மிகுந்தது களங்கட்டி. கரையிலிருந்து நீருக்குள் தடிகளை வரிசையாக நட்டு, அவற்றில் வலையைக் கட்டி நீண்ட வேலியாக்கி, அதன் முனையில் உட்புகுந்த மீன் வெளியேற வழி காணாத வட்ட அறைகளை அமைப்பதே இதன் முறை. நீரோட்டத்தோடு வரும் மீன் வேலியில் முட்டி, ஆழமான பக்கத்தை நாடி அதன் ஓரமாக நீந்திச் சென்று தானாகவே அறைக்குள் புகும். துரத்துவதற்கு ஆள் வேண்டாம். விடியலில் சென்று அள்ளினாற் போதும். மீனின் இயல்பான போக்கை இவ்வளவு கூர்ந்து கவனித்து எழுந்த கருவியை எளியோரின் தற்செயல் கண்டுபிடிப்பு என்று கருதுவது தவறு.

அந்தப் போக்கைப் பற்றிய அறிவே இத்தொழிலின் உண்மையான முதல். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் இளங்குஞ்சுகள் நீரேரிக்குள் புகுந்து சில மாதம் வளர்ந்து, முதிரும்போது மீண்டும் கடலை நாடுகின்றன. கொடுவாவும் திரளியும் பாலைமீனும் விலாங்கும் இவ்வாறே கடலிற் பிறந்து உள்நீரில் வளர்பவை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் கோஹோ சால்மன் இதற்கு நேர்மாறாக ஆற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி மடிகிறது. அங்குள்ள முதற்குடிகளும் ஆற்றில் தடிவேலி அமைத்தே அதைப் பிடித்தனர். செல்லும் திசை வேறாயினும் இரு மீன்வகைகளுக்கும் உயிர்நாடி ஒன்றே: கடலுக்கும் உள்நீருக்கும் இடையிலான வாசல் உரிய காலத்தில் திறந்திருக்க வேண்டும். பளைக்குத் தெற்கே அவ்வாசல் மாரியிற் பெருகும் கனகராயன் ஆற்றைச் சார்ந்திருந்தது. இரணைமடுக் குளத்தைக் கடந்துவரும் அவ்வாற்று வெள்ளம் நீரேரியை நிரப்பிச் சுண்டிக்குளத்து மணற்றடையை உடைத்துக் கடலிற் கலந்தது. மேற்கே ஆனையிறவு வழியே மறு நீரேரியுடனும் தொடர்பு இருந்தது.

ஆழமின்மை உயிருக்குக் காப்பாக அமைந்தபோதிலும் ஆபத்து இல்லாமற் போகவில்லை. சேற்றிற் புதைந்து கிடக்கும் திருக்கையின் முள் தைத்தால் வலி கடுமையாகும். அதனால் காலைத் தூக்கி வைக்காது அடியோடு உராய்ந்து நகர்வதும், கையிலுள்ள தடியால் முன்னே தட்டிப் பார்ப்பதுமே தக்க காப்பு. சுண்டிக்குளப் பக்கத்தில் முதலையும் உண்டு. இவ்வெச்சரிக்கைகள் எவற்றுக்கும் காசு தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது.

மாற்றம் பொறியியலின் வழியே வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் சிறு கோட்டைகளாற் காக்கப்பட்ட ஆனையிறவுக் கடவையை 1905இல் கொழும்புப் பாதையோடு இணைந்த தொடருந்து கடந்தது. ஆயினும் பாலங்களின் கீழே நீர் ஓடியது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் உவர்நீர் புகும் வாசல்களை அடைத்து, நீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கு நீரைக் கொண்டுசெல்ல விரும்பியது. கிணற்றையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு அது உயர்ந்த நோக்கமே. ஆனால் 1960களில் ஆனையிறவுத் திறப்புகள் அடைக்கப்பட்டன. சுண்டிக்குள அணை வெள்ளத்தில் அள்ளுண்டது. முள்ளியான் வாய்க்கால் முடிவுறாது நின்றது. இதனால் நன்னீரும் கிடைக்கவில்லை, கிழக்கு நீரேரிக்கு மேற்கிலிருந்து மீன்குஞ்சு வரும் வழியும் இல்லாமற் போயிற்று. கோடையில் நீர் வற்றி உவர்ப்பு ஏற, உப்பு விளைவுக்கு நன்மையான அதே வெயில் மீனுக்குப் பகையாயிற்று.

பின்னர் வந்த உள்நாட்டுப் போர் இத்தொழிலின் பாதுகாப்பையே தலைகீழாக்கியது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட காலத்தில் மக்கள் கிளாலியிலிருந்து இரவில் படகேறி நீரேரியைக் கடந்தனர். 1993 சனவரியில் அவ்வாறு சென்ற பயணிகள் பலர் கடற்படைத் தாக்குதலிற் கொல்லப்பட்டனர். பளையை அடுத்த முகமாலையின் போர் முன்னரங்கு நெடுங்காலம் கண்ணிவெடி நிலமாகக் கிடந்தது. 2014 மார்ச்சில் தொடருந்து மீண்டும் பளையை அடைந்தது. நீரேரியின் வாசல் குறித்த கேள்வி அவ்வளவு விரைவில் தீரவில்லை.

அடைபட்ட வாசல் மீண்டும் திறக்கப்பட்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 1913இலும் 1927இலும் எழுந்த இரு அணைகள் 2011க்கும் 2014க்கும் இடையில் அகற்றப்பட்டபின், சால்மன் மீண்டும் மேலேறத் தொடங்கியது. ஆனையிறவில் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. குடாநாட்டின் குடிநீர்த் தேவை உண்மையானது. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத் திட்டம் எப்போது மீண்டும் எடுக்கப்பட்டாலும், எத்தனை கிணறுகள் இனிக்கும் என்று கணக்கிடும் வரைபடத்திலேயே எந்த மாதத்தில் எந்த மதகு இறாற்குஞ்சுக்குத் திறக்கப்படும் என்பதும் குறிக்கப்பட வேண்டும்; அதைக் குறிக்கும் மேசையில் வீச்சுவலைக்காரருக்கும் களங்கட்டிக்காரருக்கும் இருக்கை தரப்பட வேண்டும்.