மேலவையில் ஒரு கூலிக் கணக்கு: சீனிவாச சாஸ்திரியும் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளரும்

பாவூர்சத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட பாதை தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டையைத் தொட்டது. அடுத்த ஆண்டே மலையைக் குடைந்து கொல்லம் பக்கம் இறங்கியது. குளத்தையும் மானாவாரியையும் நம்பிப் பிழைத்த இந்த ஊர்களுக்கு இப்போது இரண்டு திசைகள் திறந்தன. மேற்கே திருவிதாங்கூர் மலைத் தோட்டங்கள். கிழக்கே தூத்துக்குடித் துறைமுகம், அதற்கப்பால் இலங்கையின் கண்டிச் சீமை. குளம் வற்றிய ஆண்டுகளில், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பேச்சுக்கு மவுசு கூடியது.

தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் கூலிகளைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். 1901 முதல் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டு ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். பயணச் செலவைத் தோட்டம் ஏற்கும்; பிறகு அது தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைத் தீர்த்துவிட்டு இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தோட்டம் எழுதித் தருவதுதான் துண்டு. கடன்தான் அவனுடைய கடவுச்சீட்டு என்று சொல்லிவிடலாம். இலங்கையில் இந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

இந்தத் தொழிலாளியைப் பற்றி டெல்லியில் யார் பேசுவது, எந்தத் தலைப்பில் பேசுவது என்பது அக்காலத்தில் எளிய கேள்வியல்ல. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மத்தியில் இரண்டு அவைகளை உண்டாக்கியது. கீழே சட்டசபை, மேலே ‘கவுன்சில் ஆஃப் ஸ்டேட்’ என்ற மேலவை. இன்றைய மாநிலங்களவைக்கு முன்னோடி அது. மேலவைக்கு வாக்களிக்கும் உரிமை நாடு முழுவதும் பெரும்பாலும் சில ஆயிரம் செல்வர்களுக்கே இருந்தது. வெளியுறவுத் துறையோ வைஸ்ராயின் சொந்தப் பொறுப்பு; அந்நிய நாடுகளுடனான உறவைத் தொட்டுத் தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்களுக்கு இடமில்லை. ஆனால் பேரரசின் குடியேற்ற நாடுகளில் வேலை செய்யும் இந்தியரின் விவகாரம் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றைக் கவனித்த துறையிடம் இருந்தது. அதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். வேலை தேடிப் போனவனைப் பற்றிய பேச்சு என்ற பக்கவாசல் வழியாகத்தான் வெளியுறவு நம் அவைகளுக்குள் நுழைந்தது என்பது என் துணிபு. அந்த வாசலை நன்றாகப் பயன்படுத்தியவர் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி.

வழியைக் காட்டியவர் கோகலே. 1910 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கும் தீர்மானத்தை அவர் பேரரசுச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1911 ஜூலையில் தடை அமலானது. ஒப்பந்த முறையையே ஒழிக்க 1912இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 1916 மார்ச்சில் மாளவியா அதே கோரிக்கையை எழுப்பியபோது அரசு ஏற்றது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்தவர் சாஸ்திரி. குருவுக்குப் பின் அதன் தலைவரானவர். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து ஆற்றிய உரை அவர் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. 1921இல் புதிய மேலவையில் அமர்ந்ததும் அவர் கேட்டது அடக்குமுறைச் சட்டங்களை ஆராய ஒரு குழு.

1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் இக்கதையின் அச்சாணி. உடலுழைப்புக் கூலிகளை எந்த நாட்டுக்கு, எந்த நிபந்தனையில் அனுப்பலாம் என்பதை அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் வரைவை இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி ஏற்க வேண்டும். கண்டித் தோட்டத்துக்கோ மலாயா ரப்பர் காட்டுக்கோ கங்காணி ஆள் சேர்ப்பது டெல்லி அவைகளின் ஒப்புதலைப் பொறுத்தது என்றானது இதற்குப் பின்னர்தான். இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்ந்தார்கள். இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்ததற்கும் இந்த நிர்ப்பந்தமே பின்புலம்.

வேடிக்கை என்னவென்றால், இச்சட்டம் உருவான குளிர்காலத்தில் சாஸ்திரி டெல்லியில் இல்லை. வாஷிங்டன் கடற்படை மாநாட்டில் இருந்தார். 1922 பிப்ரவரி 6 அன்று கையொப்பமான ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் இருப்பது அவர் பெயர். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியருக்குக் குடியுரிமை தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அவர் பாடுபட்டார். தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் மட்டும் இணங்கவில்லை. அத்தீர்மானத்தை எடுத்துக்கொண்டு 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்றார். ஆஸ்திரேலியா 1925இல் அங்குள்ள இந்தியருக்கு வாக்குரிமை தந்தது. எண்ணிக்கையில் அவர்கள் சொற்பம். ரப்பர் மரத்தடியில் நின்ற லட்சக்கணக்கானோருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை.

1923இல் கென்யா அவரை உலுக்கியது. அங்குள்ள இந்தியருக்குச் சமத்துவம் கோரி மேலவையில் வாதாடியவர், லண்டனுக்கும் போய் முறையிட்டார். ஜூலையில் வெளியான வெள்ளை அறிக்கை மேட்டுநிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பேரரசின் நியாயத்தை நம்பிய மிதவாதி, வெம்பிளிப் பேரரசுக் கண்காட்சியில் இந்தியா கலந்துகொள்ளக் கூடாது என்றார். ‘வெள்ளிநாக்குப் பேச்சாளர்’ என்று ஆங்கிலேயரே மெச்சிய நாக்கு அந்த ஆண்டில் பேசியதுதான் அவருடைய பேச்சுகளில் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து தென்னாப்பிரிக்கா. ஹபிபுல்லா தலைமையிலான குழுவில் ஒருவராகச் சென்று, 1927இல் கேப்டவுன் உடன்பாட்டுக்கு உதவினார். இந்தியரை ஒதுக்குப்புறத்தில் அடைக்கும் மசோதா கைவிடப்பட்டது. அங்கேயே வாழ்வோரின் கல்வியையும் நிலையையும் உயர்த்துவதாக அந்நாட்டரசு வாக்களித்தது. மறுபுறம், நாடு திரும்புவோருக்குத் தலைக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன் ஊக்கத்தொகை. காந்தியின் வற்புறுத்தலால் சாஸ்திரியே அங்கே இந்திய அரசின் முதல் முகவராகப் போனார். டர்பனில் அவர் பெயரால் இந்திய மாணவருக்கு ஒரு கல்லூரி எழுந்தது. ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கியவர்களின் கதை வேறு. ஊரில் நிலமில்லை, சாதிக்குள் சேர்ப்பாரில்லை, வேலையில்லை. பலர் மறுபடியும் கப்பலேறத் துடித்தார்கள். திரும்பி வந்தவனைக் கவனிக்கும் பொறுப்பை உடன்பாட்டில் இந்திய அரசு ஏற்றிருந்தும், அது பலருக்குப் பிழைப்பாக மாறவில்லை.

மேலவையை விட்டு விலகிய பின்னும் அரசு அவரை விடவில்லை. விட்லி தலைமையில் 1929இல் அமைந்த தொழிலாளர் ஆணையத்தில் உறுப்பினர். 1936 இறுதியில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். பொருளாதார மந்தத்தில் ரப்பர் தோட்டக் கூலி சரிந்திருந்தது. மந்தத்துக்கு முன்பு முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு இருந்தது. அதை மீட்டுத்தர வேண்டும், கங்காணி வழி ஆள்சேர்ப்பை மீண்டும் விடக் கூடாது என்று 1937 அறிக்கையில் எழுதினார். இரண்டுமே சரியான பரிந்துரைகள். ஆனால் குடியகல்வைத் தடுக்கக் காரணமில்லை என்றும் சேர்த்து எழுதினார். மலாயா மத்திய இந்தியர் சங்கத்தார் கசந்துபோனார்கள். துரைமார்களைக் கேட்ட அளவுக்குத் தொழிலாளியைக் கேட்கவில்லை என்பது அவர்கள் குறை.

அறிக்கையின் மை காய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1938 மேயில் தோட்ட முதலாளிகள் கூலியை 45 காசு, 36 காசு என்று வெட்டினார்கள். ஜூன் 15 அன்று, உதவிப் பணத்தில் மலாயா செல்லும் கூலிக் குடியகல்வை இந்திய அரசு நிறுத்தியது. தடைக்குக் காரணமில்லை என்று சாஸ்திரி எழுதிய இடத்தில் தடைதான் வந்து நின்றது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் கேட்டவற்றில் கூலியுயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. குடியேற்ற நாட்டுப் பிரதமர்களிடம் சாஸ்திரி வாதாடிய சமத்துவம், தோட்டத்துப் பாதையில் இப்படித்தான் கோரிக்கையானது. தலைவர் ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடுகடத்தினார்கள், துருப்புகள் சுட்டன.

திருநெல்வேலிச் சீமையை நேராகத் தாக்கியது இன்னொரு தடை. இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலையைவிட்டு நீக்கியதற்குப் பதிலடியாக, 1939 ஆகஸ்ட் 1 முதல் கூலிகள் அங்கே போவதை இந்தியா நிறுத்தியது. தேயிலைக் காட்டில் ஒரு கால், ஊரில் ஒரு கால் என்று இருந்த குடும்பங்களுக்குப் போக்குவரத்து நின்றது. சாஸ்திரி 1946 ஏப்ரலில் காலமானார். அவர் காலத்துக் குடியகல்வுச் சட்டம் 1983 வரை உயிரோடு இருந்தது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு முடிக்காமல் தென்காசிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர் அதிகாரியிடம் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். நாடு வாரியாக இரு அவைகளும் தீர்மானம் போட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அதில் இல்லை.