ஒஸ்தான்கினோக் கோபுரம்

சற்று உயர்ந்த கட்டடம் எதனையும் 'வானளாவியது' என்று கூறிவிடுதல் நம்மவர் வழக்கம். நான்கு மாடிக்கும் அச்சொல்லே. நாற்பது மாடிக்கும் அச்சொல்லே. அச்சொல்லுக்கு ஓரளவேனும் உரிமை பூண்ட கட்டடம் ஒன்று ருஷ்ய நாட்டின் தலைநகராகிய மொஸ்கோவில் உண்டு. ஒஸ்தான்கினோ என்னும் பகுதியில் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரமே அது. உயரம் 540 மீற்றர். அதனினும் உயர்ந்தவை இன்று உலகிற் சில உள. எனினும் நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அதன் உயரத்தை அன்று. அது விழாது நின்ற வரலாற்றையே.

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன, பூமியோ உருண்டை. ஆதலின் அலைபரப்பும் இடம் உயர உயர, அதன் வீச்சும் பெருகும். மொஸ்கோவில் இதற்கு மூத்த கோபுரம் ஒன்று 1922 இல் எழுந்தது. விளாதிமிர் சூகவ் என்னும் பொறியியலாளர் அதனை 350 மீற்றருக்கு வரைந்திருந்தார். உள்நாட்டுப் போரினால் இரும்புக்குப் பஞ்சம். ஏறத்தாழ 150 மீற்றரோடு அமைய நேர்ந்தது. 1939 முதல் நகரத்தின் தொலைக்காட்சி அதிலிருந்தே பரவிற்று. காலப்போக்கில் அது போதாதாயிற்று.

புதிய கோபுரத்தை அமைக்கும் பொறுப்பு நிக்கொலாய் நிக்கித்தின் என்பவரைச் சார்ந்தது. 2019 இல் திறக்கப்பெற்ற நம் கொழும்புக் கோபுரம் தாமரை வடிவினது என்பதை யாவரும் அறிவர். நிக்கித்தினோ லில்லி மலரைத் தலைகீழாகக் கவிழ்த்து நினைத்தார். கவிழ்ந்த இதழ்களே பத்துக் கால்களாயின. அக்கால்கள் ஊன்றிய அத்திவாரத்தின் ஆழமோ ஐந்து மீற்றருக்கும் குறைவு! இத்துணை உயரத்துக்கு இவ்வளவு ஆழம் போதுமா? வல்லுநர் பலர் ஐயுற்றனர். 1960 இல் தொடங்கிய வேலை தடைப்பட்டு, 1963 இலேயே மீண்டும் நடைபெற்றது.

நிக்கித்தின் தந்த விடை எளியது. தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தாலும் அது நிமிர்ந்துகொள்கிறது. பாரமெல்லாம் அடியில் இருப்பதே காரணம். கோபுரத்தின் பாரத்தையும் அவ்வாறே அடியில் திரட்டினார். இன்னுமோர் இடரும் இருந்தது. கொங்கிறீற்று நெருக்குதலைப் பொறுக்கும், இழுப்பைப் பொறாது. பெருங்காற்று மோதும்போது மோதும் பக்கம் இழுபட்டு வெடிக்கும். அதனைத் தடுக்க, ஏறத்தாழ 150 உருக்கு வடங்களைக் கோபுரத்தினுள்ளே மேலிருந்து கீழாக இறுகப் பூட்டினார். வடங்கள் ஓயாது அமுக்கிக்கொண்டிருப்பதால், காற்றடித்தாலும் சுவர் இழுபடுவதில்லை. புறத்தே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வடங்கள் புலப்படா. கோபுரத்தின் அழகைப் புகழ்வோர் பலர். இவ்வடங்களைப் பேசுவோர் சிலரே என்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

385 மீற்றர் வரை கொங்கிறீற்று; அதன்மேல் உருக்குக் கம்பம். ஒக்டோபர்ப் புரட்சியின் பொன்விழாவையொட்டி 1967 நவம்பரில் ஒலி, ஒளிபரப்புத் தொடங்கிற்று. அந்நாளில் தானே நிற்கும் கட்டடங்களுள் உலகில் அதுவே உயர்ந்தது. 1975 இல் கனடாவின் ரொறன்ரோ நகரக் கோபுரம் அதனை விஞ்சியது.

உண்மையான சோதனை வந்தது 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் நாள். ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில் தீப்பற்றியது. அவ்வளவு உயரத்துக்குத் தீயணைப்பு ஏணி ஏது? வீரர்கள் கருவிகளைச் சுமந்து படிவழியே ஏறினர். தீயோ மின்கம்பிகளின் உறைகளைத் தின்றுகொண்டு கீழ்நோக்கி இறங்கியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. மின்தூக்கி ஒன்று அறுந்து வீழ்ந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உட்பட மூவர் உயிர் நீத்தனர். நகரத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளிற் பெரும்பாலானவை இருண்டன. உள்ளிருந்த வடங்களோ வெப்பத்தால் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன; பெரும்பகுதி போயிற்று. கோபுரம் சரியும் என்றே பலரும் அஞ்சினர்.

அது சரியவில்லை. எஞ்சிய வடங்களும், அடியில் திரண்ட பாரமும் அதனைத் தாங்கி நின்றன. அறுந்தவற்றுக்குப் பதிலாகப் புதிய வடங்கள் பின்னர்ப் பூட்டப்பெற்றன. நிக்கித்தின் 1973 இலேயே மறைந்துவிட்டார். தம் கணக்குத் தீயிற் சோதிக்கப்பட்ட அவ்விரவை அவர் கண்டாரல்லர்.