பிட்கேர்ன் தீவின் உபாத்தியாயர்கள்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே பிட்கேர்ன் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. நீளம் இரண்டு மைல் தேறும். 1789-ல் ‘பௌண்டி’ கப்பலில் கலகம் செய்த ஆங்கில மாலுமிகளில் 9 பேர், தாஹித்திப் பக்கத்து ஆண்கள் சிலரையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு மறுவருஷம் அங்கே வந்து ஒளிந்துகொண்டார்கள். கலகத்தைப் பற்றிச் சினிமாக்கூட எடுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ கலகத்தைவிட, பிற்பாடு அங்கே நடந்த பள்ளிக்கூடத்தின் கதைதான் சுவையாக இருக்கிறது.

பத்து வருஷத்துக்குள் அந்த ஆண்கள் பெண்களுக்காகவும் நிலத்துக்காகவும் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தார்கள். ஒருவன் செடியின் வேரிலிருந்து சாராயம் காய்ச்சக் கற்றுக்கொண்டதும் ரகளை இரட்டித்தது. 1800-க்குப் பிறகு மிஞ்சிய ஒரே ஆண் ஜான் ஆடம்ஸ். அவனும் உத்தமன் அல்ல. கூட்டாளி ஒருவனைக் கோடரியால் தீர்த்துக்கட்டியதில் அவனுக்கும் பங்கு உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவன். அவன்தான் கப்பலிலிருந்து வந்த பைபிளை வைத்துக்கொண்டு, இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உபாத்தியாயரானான்!

1808-ல் அமெரிக்கக் கப்பல் ஒன்று தற்செயலாக அங்கே போயிற்று. படகில் எதிரே வந்த பையன்கள் ஆங்கிலம் பேசியதைக் கேட்டுக் கப்பல்காரர்கள் திகைத்தார்கள். பின்னால் போனவர்களும் அந்தப் பிள்ளைகளின் அடக்கத்தை வாயாரப் புகழ்ந்தார்கள். புகழெல்லாம் ஆடம்ஸுக்கே போய்விட்டது. அதில் பாதியாவது பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாஹித்திப் பெண்களுக்குச் சேரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை.

1823-ல் பஃபெட், 1828-ல் நாப்ஸ் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1829-ல் ஆடம்ஸ் இறந்தான். 1832-ல் வந்து சேர்ந்தார் ஜோஷுவா ஹில். ஆங்கில அரசாங்கமே தம்மை அனுப்பியதாக அவர் அளந்தார்; சனங்கள் நம்பிவிட்டார்கள். பிறகென்ன, தீவு முழுவதற்கும் அவரே சட்டாம்பிள்ளை! பள்ளிக்கூடத்தையும் பிடுங்கிக்கொண்டார். சாராயப் பாத்திரங்களை உடைத்தார். அது நல்ல காரியம்தான். ஆனால் சிறை கட்டினார். பஃபெட்டுக்குச் சவுக்கடி கொடுக்கச் செய்தார். பழைய உபாத்தியாயர்களை நாடு கடத்தினார். கிழங்கு திருடியதாக ஒரு சிறுமிக்குக் கொடிய தண்டனை விதித்ததாகவும், தகப்பன் மறுக்கவே வாளை உருவிக்கொண்டு அவன்மீது பாய்ந்ததாகவும் அந்தத் தீவின் கதைகள் சொல்லுகின்றன. அந்தத் தகப்பன் அதுவரை ஹில்லின் வலது கையாக இருந்தவன். அவனே ஹில்லை மடக்கிக் கீழே தள்ளினானாம்.

ஹில்லின் வேஷம் கலைந்த விதம் இன்னும் வேடிக்கை. பெட்ஃபோர்டு பிரபுவின் குடும்பத்துக்கு நெருங்கினவர் என்று அவர் பீற்றிக்கொள்வதுண்டு. 1837-ல் அங்கே வந்த போர்க்கப்பலின் கப்டன் யார் தெரியுமா? அந்தப் பிரபுவின் சொந்த மகன்! அப்புறம் வந்த ஒரு கப்பல் ஹில்லை ஏற்றிக்கொண்டு போயிற்று.

நாப்ஸ் மறுபடி பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். 1838-ல் தீவுக்கென்று ஒரு சட்டம் எழுதினார்கள். அதன்படி பெண்களுக்கும் வோட்டு உண்டு. குழந்தைகள் கட்டாயம் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஹில்லை அனுப்பியதாகச் சொல்லப்பட்ட இங்கிலாந்து முழுவதிலும் கட்டாயப் படிப்பு வர 1880 ஆயிற்று.