கடலூரில் வளர்ந்த ஒரு பாக்கெட்: சி.கே. ரங்கநாதனின் கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள், இது யாருடைய யோசனை என்று நினைத்துப் பார்ப்பதில்லை. ஏதோ பெரிய வெளிநாட்டுக் கம்பெனி கொண்டுவந்தது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வளர்ந்த ஊர் பக்கத்திலேயே இருக்கும் கடலூர்!

நெய்வேலியும் கடலூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் இரண்டின் தொழில் வரலாறும் வேறு வேறு. நெய்வேலியில் 1956-ல் மத்திய அரசு என்.எல்.சி.யைத் தொடங்கியது. அனல்மின் நிலையம் கட்ட சோவியத் யூனியன் உதவியது. அரசாங்கப் பணம், வெளிநாட்டுத் தொழில்நுட்பம், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. கடலூரில் 1983 வாக்கில் ஓர் இளைஞர் தொடங்கிய தொழிலின் மூலதனமோ வெறும் 15,000 ரூபாய். அவர்தான் சி.கே. ரங்கநாதன்.

அப்பாவின் யோசனை

கதை அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணனிடமிருந்து தொடங்குகிறது. கடலூரில் மருந்து, அழகுப் பொருட்கள் தயாரித்து வந்தவர் அவர். அந்தக் காலத்தில் டால்கம் பவுடர் தகர டப்பாவில்தான் வரும். மொத்தமாகப் பணம் கொடுக்க முடிந்தவர்தான் வாங்க முடியும். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும்கூடத் தன் பொருளை வாங்க வேண்டும் என்பது சின்னி கிருஷ்ணனின் ஆசை. அதனால் பவுடரை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளில் போட்டார். பேதி உப்பையும் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றார். திரவப் பொருளையும் இப்படி அடைக்கலாம் என்று முயன்றார்.

அப்படியென்றால் அவர் பெரிய பணக்காரர் ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஒரு புதுமையிலிருந்து அடுத்த புதுமைக்குப் போனாரே தவிர, செய்ததை எப்படி விற்பது என்று அவர் திட்டமிடவில்லை. அப்பா சிறந்த கண்டுபிடிப்பாளர், ஆனால் விற்பனையில் பலவீனமானவர் என்று ரங்கநாதனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மகன் கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் அப்பா காலமானார்.

வீட்டை விட்டு வெளியே

அண்ணன்கள் தொழிலை எடுத்து நடத்தினார்கள். அவர்கள் கொண்டுவந்த வெல்வெட் ஷாம்பு பாக்கெட் நன்றாக விற்றது. படிப்பு முடித்து 1982-ல் ரங்கநாதனும் அதில் சேர்ந்தார். கருத்து ஒத்துப்போகவில்லை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவர் படிப்பில் சுமார்தான். சின்ன வயதில் புறாவும் மீனும் வளர்ப்பதில்தான் ஆர்வம். எனவே தெரிந்த தொழில் இரண்டே இரண்டு: ஒன்று மீன், பறவை வளர்ப்பு, மற்றொன்று ஷாம்பு தயாரிப்பு. ஷாம்புவைத் தேர்ந்தெடுத்தால் சொந்த அண்ணன்களோடு போட்டி போட வேண்டும். தோற்றால் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவது? இருந்தாலும் ஷாம்புவையே தேர்ந்தெடுத்தார்.

கடலூரில் மாதம் 250 ரூபாய் வாடகையில் வீடும் ஆபீசும் ஒன்றாக ஓர் இடம். தொழிற்கூடத்துக்கு 300 ரூபாய் வாடகை. 3,000 ரூபாய்க்கு ஒரு மெஷின். ஷாம்புவுக்கு அப்பாவின் பெயரைச் சுருக்கி 'சிக்' என்று பெயர் வைத்தார்.

விற்ற விதம்

அப்பா விட்ட இடத்தை மகன் பிடித்தது இங்கேதான். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலர் அப்போது தலைக்கும் சோப்புதான் போட்டார்கள். ரங்கநாதனின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னிலையிலும் ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். ரஜினிகாந்த் படம் போட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, இலவச பாக்கெட்டும் கொடுத்தார்கள்.

அடுத்து வந்த திட்டம் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் ஷாம்பு இலவசம்! போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரே தேடி வந்து சிக்கைப் பயன்படுத்திப் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து விதியை மாற்றினார்கள்: இனி சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம். அதற்குள் சிக் பழகிவிட்டதால் மக்கள் அதையே கேட்டு வாங்கினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானது. மல்லிகை, ரோஜா மணத்தோடு வந்தபோது 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் வந்த பிறகு ஒரு கோடி!

நடுவில் ஒரு வங்கிச் சம்பவமும் உண்டு. அடமானம் வைக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் சிறு தொழிலாக இருந்தும் ஒழுங்காக வருமான வரி கட்டியிருந்தார். அதைப் பார்த்த வங்கி மேலாளர் 25,000 ரூபாய் கடனுக்குப் பரிந்துரை செய்தார். நேர்மையாக எழுதிய கணக்கே அடமானமானது.

1992-ல் தென்னிந்தியாவில் சிக் முதலிடத்துக்கு வந்தது. அண்ணன்களின் தொழிலை முந்த அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1998-ல் கம்பெனிக்கு 'கெவின்கேர்' என்று பெயர் வந்தது. 'கவின்' என்றால் அழகு. ஆங்கில எழுத்தில் பெரிதாக வரும் சி, கே இரண்டும் அப்பா பெயரின் முதலெழுத்துகள்.

மறுபக்கம்

பாக்கெட்டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பல அடுக்கு பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வது மிகவும் கடினம். ஏழைக்கும் எட்டிய அதே பொருள் இன்று சாக்கடையை அடைக்கிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்க இன்னொரு சின்னி கிருஷ்ணன் வர வேண்டும்.

நெய்வேலியில் படித்து முடித்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "என்.எல்.சி.யில் ஆள் எடுக்கிறார்களா?" என்பதுதான். அதில் தப்பில்லை. அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் வளர்ந்தன. ஆனால் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. நல்ல யோசனை அப்பாவிடமே இருந்தது. அதை வாங்குபவரின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கு முதலில் வேண்டியிருந்தது 15,000 ரூபாயும், தோற்றாலும் பரவாயில்லை என்ற துணிச்சலும்தான்.