லயம் முதல் ஏழு பேர்ச்சஸ் வரை: மலையகக் குடியிருப்பின் வரலாறு

தொடர்வீடு, இரட்டைவீடு, தனிவீடு எனக் கட்டட அமைப்பைக் கொண்டு குடியிருப்புகளை வகுப்பது வழக்கம். இலங்கை மலையகத்தில் இம்மூன்றும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். ஆனால் அவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறியச் சுவர்களை எண்ணுவதைவிடக் காணி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

1830களில் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அந்தச் சில மாதத் தங்கலுக்காக எழுந்ததே லயம்: நீண்ட கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் என்னும் ஒற்றை அறைகள், முன்னால் இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைச் சாய்த்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பெண்களின் உழைப்பு அதற்கு இன்றியமையாதது. குடும்பங்கள் வந்து நிலைத்தன. பருவகாலக் கொட்டகையே பரம்பரை வீடாயிற்று.

காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. ஒற்றை லயத்தில் ஒரே வரிசை. இரட்டை லயத்தில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்பக்கம் கதவோ ஜன்னலோ வைக்க வழியில்லை, காற்றும் வெளிச்சமும் முன்வாசலால்தான் வர வேண்டும். பல லயங்களில் குறுக்குச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டு அடுப்புப் புகையும் அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையும் தடையின்றிச் சுவர் தாண்டும். மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து, அடுப்பை அங்கே நகர்த்தி, உள்ளறையைப் புதுத் தம்பதிக்கு விட்டுக்கொடுப்பார்கள். இந்த ஒட்டுவேலைகளைத் தோட்ட ஆவணங்களில் தேடுவதைவிட லயத்தின் முகப்பைப் பார்ப்பது நல்லது. எந்த வீட்டில் எத்தனை தலைமுறை நெருக்குகிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.

சட்டம் முதலில் எட்டிப் பார்த்தது சுகாதாரத்தின் பெயரால். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை, நோய்த்தடுப்பு ஆகியவற்றுக்கு 1912இல் இரு சட்டங்கள் வந்தன. ஆள் படுத்தால் வேலை நிற்கும் என்ற கணக்கும் அதில் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அரச காணி கேட்கும் வழியும் அடைபட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது உரிமையாளர் மாறினார். லயத்தில் இருந்தவரின் நிலை மாறவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசுடையது, நீண்ட காலக் குத்தகை கம்பனியுடையது, குடியிருப்பவருக்கு இரண்டிலும் பங்கில்லை.

இடையில் வந்த இரட்டைவீடுகள் பின்வாசலையும் தனிச் சமையலறையையும் தந்தன. அது சிறிய ஆறுதல் அல்ல. ஆயினும் உண்மையான திருப்பம் ஏழு பேர்ச்சஸ் காணியோடு கூடிய தனிவீடுதான். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தோட்டப் பகுதிக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்திய 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். அதுவரை லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிடவும் தோட்ட நிர்வாகத்தையே பார்த்திருக்க வேண்டியிருந்தது.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. எங்கே கட்டுவது என்ற கேள்வியை அது எல்லோர் முன்னும் கொண்டுவந்து நிறுத்தியது. கம்பனிகள் நல்ல தேயிலை நிலத்தை எளிதில் விடுவதில்லை. விடும் நிலம் சரிவாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் கிடைப்பது கடினம். நிதி ஒதுக்கப்பட்ட பின்னும் வீடுகள் மெதுவாகவே எழுவதற்கு இந்தக் காணிச் சிக்கலும் ஒரு காரணம்.